றோட்டுக்குக் கீழாலை போன ஒயர்

சின்னண்ணா, நான் உன்னை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்பவும் வாய் வருகுதில்லை. சின்னண்ணா எண்டே எழுதிறன். நீ கட்டின அன்ரனா இன்னும் பனையிலை நிக்குது. போன கிழமைக் காத்துக்கு ஒரு குழாய் கழண்டு தொங்குது. கழட்டி இறக்குவம் எண்டு ஆர் கேட்டாலும் அம்மா எழும்பிக் குசினிக்குள்ளை அடுப்படிக்குப் போயிடுவா.

உன்னைத் தெரியாத ஆக்களும் இதை வாசிப்பினம்தானே. அதாலை முதல்லையிருந்து சொல்லிறன். நான் ஆறாம் வகுப்போடை நிண்டிட்டன். கதைக்கிற மாதிரித்தான் எழுத வரும்.

எங்கடை வீடு கிளிநொச்சிப் பக்கம், உருத்திரபுரத்திலை. குளத்துத் தண்ணி பாயிற காணியள் அரசாங்கம் குடுக்கேக்கை அப்பா யாழ்ப்பாணத்திலையிருந்து வந்து எடுத்த காணி. அப்பா நான் சின்னனாய் இருக்கேக்கையே செத்துப்போனார். வயலைச் சின்னண்ணாதான் பாத்தவர். பெரியண்ணா சவுதிக்குப் போய், லீவிலை வரேக்கை ஒரு கறுப்பு வெள்ளை ரீவி கொண்டந்தார். கரண்டிலையும் ஓடும், கார் பற்றறியிலையும் ஓடும். எங்கடை பக்கம் கரண்ட் எங்கை. பெரியண்ணா திரும்பிப் போட்டார், ரீவி எங்களோடை நிண்டிட்டுது.

ரீவி இருந்தாப்போலை படம் வராது. போட்டா இரைச்சலும், சுளகிலை அரிசி புடைக்கிறமாதிரிப் புள்ளியும்தான். இந்தியாவிலையிருந்து வாற படம் கடலைத் தாண்டி எங்களிட்டை வரேக்கை களைச்சுப் போயிடும் எண்டு சின்னண்ணா சொல்லுவார். அவர் கிளிநொச்சியிலை ஒரு ரேடியோ திருத்திற கடையிலை கொஞ்சக் காலம் நிண்டவர். அங்கை பழகினதை வைச்சு அலுமினியக் குழாயிலை அன்ரனா செய்து, இரும்புப் பைப்பிலை பூட்டி, வளவுப் பனையோடை சேத்து உயரக் கட்டினார். அதுக்குக் கீழை ஒரு பூஸ்ரர். களைச்சு வாற படத்துக்குப் பெலன் குடுக்கிற சாமான் அது. நான் குளிக்கிற சவுக்காரப் பெட்டியை எடுத்து அதுக்குள்ளைதான் பூட்டினவர். வேலை செய்யுதெண்டு தெரிய ஒரு சின்னச் சிவப்பு லைற் வைச்சார். சவுக்காரப் பெட்டிக்கு நான் அழுததுக்கு, "உன்ரை பெட்டி இப்ப மெட்ராசோடை கதைக்குது, பேசாமல் இரு" எண்டார்.

பேந்து இன்னொரு அன்ரனா கொழும்புப் பக்கம் பாக்கக் கட்டினார். ரெண்டுக்கும் நடுவிலை ஒரு சுவிச். மேலை தள்ளினா இந்தியா, கீழை தள்ளினா கொழும்பு. அந்தச் சுவிச் எங்கடை விறாந்தைச் சுவரிலை கிடந்தது.

சண்டை தொடங்கினது அதிலைதான். பக்கத்து வீடுகளிலையும் ஒவ்வொருத்தராய் ரீவி வாங்கிச்சினம். அவைக்கும் சின்னண்ணாதான் எங்கடை அன்ரனாவிலையிருந்து ஒயர் பிரிச்சுக் குடுத்தவர். அப்ப நாங்கள் எதைப் போடுறமோ அதைத்தான் அவையும் பாக்கவேணும். வேலிக்கு அங்காலையிருந்து குரல் வரும்.

"பிள்ளை, இந்தியாவைப் போடு. பாட்டு முடியப்போகுது."

மற்ற வேலிக்கு அங்காலை ரக்ரர் ஓடுற மாமா இருந்தவர். அவர் கத்துவார், "பாட்டைக் கேட்டு வயிறு நிறையுமோ? செய்தியைப் போடு பிள்ளை. ஆமி எந்த றோட்டைப் பூட்டியிருக்கிறாங்களெண்டு பாப்பம்."

"அதை அவன் உனக்குச் சொல்லிப்போட்டே பூட்டுவான்?" எண்டு பாட்டுக் கேட்ட வேலி திருப்பிக் கேக்கும்.

நான் சுவிச்சடியிலை நிண்டு ரெண்டு பக்கமும் தள்ளித் தள்ளிக் களைச்சுப் போவன். சின்னண்ணா சிரிச்சுக்கொண்டிருப்பார்.

பிரிக்கப் பிரிக்கப் படம் மெலியும். வாய்க்கால் தண்ணிமாதிரித்தான், முதல் வயல்காரன் வாயைப் பெரிசாய் வெட்டினா கடைசி வயலுக்கு ஈரம்தான் மிஞ்சும். எங்கடை லைனிலை கடைசி வயல் றோட்டுக்கு அங்கால் பக்கத்து வீடு. அந்த வீட்டைப்பற்றிச் சொல்லாமல் மிச்சம் விளங்காது.

அவை எழுவத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடை தேயிலைத் தோட்டத்தை விட்டிட்டு வந்த ஆக்கள். ஒரு தாயும் மகனும். மகன் அரிசி மில்லிலை வேலை, அவரை மில் அண்ணா எண்டுவம். தாய் எங்கடை வயலிலை களை பிடுங்க வருவா. நான் அவவை முன்வீட்டு அம்மா எண்டுதான் சொல்லிறது. எங்கடை அம்மா அவவைப் பேர் சொல்லி, நீ போட்டுத்தான் கூப்பிடுவா. ரீவி பாக்க வந்தா வீட்டுக்கு வெளியிலை முத்தத்திலை சாக்கு விரிச்சு அதிலைதான் அவை இருக்கவேணும். மற்ற அயலட்டை ஆக்களெல்லாம் உள்ளுக்கை கதிரையிலை. ஆரும் அதைப் பிழையெண்டு சொன்னதில்லை, அவையும் சொன்னதில்லை.

ஒருநாள் படம் போய்க்கொண்டிருக்க மழை பிடிச்சிட்டுது. முன்வீட்டு அம்மா சாக்கைத் தூக்கித் தலையிலை போட்டுக்கொண்டு அப்பிடியே இருந்து பாத்தா. சின்னண்ணா எழும்பி ரீவியைத் தூக்கிக்கொண்டுவந்து விறாந்தை நுனியிலை வைச்சு, "மேலை ஏறி இருங்கோ" எண்டார்.

"ரீவி நனையப்போகுது," அம்மா சொன்னா.

"சனம் நனையுது, அம்மா."

முன்வீட்டு அம்மா ஏறேல்லை. "பரவாயில்லீங்க தம்பி, எங்களுக்கு மழை பழக்கந்தானுங்க" எண்டிட்டு எழும்பிப் போட்டா. அதுக்குப் பிறகு அவை வரேல்லை.

சின்னண்ணா விடேல்லை. மில் அண்ணா எங்கையோ ஒரு பழுதாப்போன பழைய ரீவி வாங்கினார். சின்னண்ணா அதைத் திருத்திக் குடுத்து, ஒயரும் இழுத்தார். முதல் மேலாலைதான் இழுத்தவர். வைக்கோல் ஏத்தின ரக்ரர் போய் அறுத்துக்கொண்டு போட்டுது. அப்பதான் றோட்டுக்குக் கீழாலை விடுவம் எண்டு யோசிச்சவர். வெயில் காலம். கிறவல் றோட்டு கல்லுமாதிரிக் கிடந்தது. அலவாங்குக் கம்பியாலை இடிச்சு இடிச்சுக் கோடு வெட்டினார். பழைய தண்ணிக் குழாய் ஒண்டுக்குள்ளாலை ஒயரை விட்டு, தாட்டு, மேலை கிறவல் போட்டு மிதிச்சார். அயலெல்லாம் நிண்டு புதினம் பாத்தது.

"தம்பி, இந்தியாவைச் சுரங்கத்தாலை கொண்டுபோறாய் போலை," ரக்ரர் மாமா கேட்டார்.

"ஓம் மாமா, மேலாலை போனா நீங்கள் வைக்கோலோடை கொண்டு போறியள்."

அவ்வளவு தூரம் போக படம் செத்துப்போகும் எண்டு, எங்கடை வளவு வாசல் படலையடியிலை இன்னொரு பூஸ்ரர் வைச்சார். அதுக்கு மோட்டச்சைக்கிள் பற்றறி ஒண்டு. மழை படாமல் பலகைப் பெட்டி அடிச்சு உள்ளுக்கை எல்லாத்தையும் வைச்சு, அதிலையும் ஒரு சிவப்பு லைற், ஒரு சுவிச். அதைத் தட்ட, றோட்டுக்கு அங்காலையிருந்து முன்வீட்டு அம்மாவின்ரை குரல் வந்தது. "தெரியுதுங்க தம்பி. ஆள் மொகமெல்லாம் தெரியுதுங்க."

சின்னண்ணா சந்தோசமாய்ப் படலையிலை சாய்ஞ்சுகொண்டு நிண்டது இப்பவும் கண்ணுக்குள்ளை நிக்குது. ஒரு பெட்டி, உள்ளுக்கை பற்றறி, சுவிச், அதிலையிருந்து றோட்டுக்குக் கீழாலை போற ஒயர். எங்களுக்கு அது ரீவி ஒயர். வேறை ஒண்டாயும் அதைப் பாக்க எங்களுக்குத் தெரியேல்லை.

முதல் அதைச் சொன்னது ரக்ரர் மாமாதான். அந்த வருசம் பெரிய றோட்டிலை ஒரு இடத்திலை நிலத்துக்குக் கீழை தாட்டிருந்த கண்ணிவெடியை ஒயரும் பற்றறியும் வைச்சு வெடிக்கப்பண்ணி ஆமியின்ரை ட்ரக் சிதறிப்போச்சுது. அதுக்குப் பிறகு ஆமி ட்ரக்கிலை ஏறி வாறேல்லை. இறங்கி, ரெண்டு கரையாலையும் நிலத்தைப் பாத்துப் பாத்து நடந்துவரும், ட்ரக் பின்னாலை உருண்டுவரும். மாமா அதைப் பாத்திட்டு வந்து, எங்கடை படலையடியிலை ரக்ரரை நிப்பாட்டி, பெட்டியைக் கனநேரம் பாத்துக்கொண்டிருந்தார். பகிடி விடுற மனுசன் அண்டைக்குச் சிரிக்கேல்லை.

"தம்பி, உதைப் பாத்தா வேறைமாதிரியெல்லோ கிடக்கு."

"என்னமாதிரி?"

"உனக்குத் தெரியும். நான் வாயாலை சொல்லேல்லை."

அம்மாவுக்கு அது போதும். அண்டைக்கே தொடங்கிட்டா. "அந்த ஒயரைக் கழட்டு."

"எந்த ஒயரை?"

"றோட்டாலை போறதை."

"மற்ற ஒயரெல்லாம் நல்ல ஒயர், இது மட்டும் கூடாததோ?" சின்னண்ணா கேட்டார்.

"நான் ஆமிக்குப் பயந்து சொல்லிறன்."

"நீங்கள் ஆமி வரமுந்தியும் இதைத்தானே அம்மா சொன்னனீங்கள்."

சின்னண்ணா சொன்னது மெய்தான். ஒயர் போட்ட நாளிலையிருந்தே "களை பிடுங்க வாறவளுக்கு ரீவி என்னத்துக்கு" எண்டு அம்மா புறுபுறுத்துக்கொண்டிருந்தவா. அதாலை இப்ப பயத்திலை சொன்னதும் அவருக்குச் சாக்குப்போக்குமாதிரித்தான் கேட்டது. அம்மா மெய்யாய்ப் பயந்தவா, எனக்குத் தெரியும். பின்னேரத்திலை படலையடிக்குப் போய்ப் பெட்டிக்கு மேலை ஓலைக் கிடுகு போட்டு மூடுவா. சின்னண்ணா காலமை எடுத்துப்போடுவார். மூடினாத்தான் கள்ளம்மாதிரிக் கிடக்கும் எண்டு சொல்லுவார். அடுத்தநாள் திரும்பக் கிடுகு கிடக்கும்.

பிறகு ஆமியின்ரை ஹெலிகொப்ரர் வரத் தொடங்கிச்சுது. குளத்துப் பக்கத்தாலை பதிஞ்சு வந்து, எங்கடை அன்ரனாவைச் சுத்திப்போட்டுப் போகும். அது சுத்தேக்கை ரீவியிலை படம் நடுங்கும். நாங்கள் பாத்துக்கொண்டிருக்கிற முகமெல்லாம் இழுபட்டுக் கோணிப்போகும். அம்மா உடனை சுவிச்சை நிப்பாட்டச் சொல்லுவா. நிப்பாட்டினாப் பிறகு ஹெலிச் சத்தம் மட்டும் கேக்கும்.

சைக்கிளிலை போன இயக்கப் பெடியள் ரெண்டுபேர் ஒருநாள் இறங்கிப் பெட்டியைத் திறந்து பாத்தாங்கள். நான் பூக்கண்டுக்குத் தண்ணி விட்டுக்கொண்டு நிண்டனான்.

"ஆர் தங்கச்சி இது செய்தது?"

"எங்கடை அண்ணா. ரீவிக்கு."

ஒருத்தன் மற்றவனைப் பாத்துச் சிரிச்சான். "நல்ல கைவேலை" எண்டிட்டு மூடிப்போட்டுப் போட்டாங்கள். அந்தச் சிரிப்பை அம்மாவுக்குச் சொன்னனான். அண்டைக்கு அம்மா சாப்பிடேல்லை.

மாரி தொடங்கிச்சுது. மழைத் தண்ணி றோட்டாலை ஓடி ஓடி கிறவலைக் கொண்டுபோட்டுது. முதல் குழாயின்ரை முதுகு ஒரு சாணளவு தெரிஞ்சுது. சின்னண்ணா மண் போட்டு மூடினார். அடுத்த மழைக்கு இன்னும் கொஞ்சம் தெரிஞ்சுது. குழாய் வெடிச்ச இடத்தாலை ஒயரும் வெளியிலை வந்திட்டுது. நான் கடைக்குப் போகேக்கை அதைத் தாண்டித்தான் போறது. பாம்பு கிடக்கிற இடம் மாதிரிக் காலை எட்டி வைப்பன்.

அப்ப சின்னண்ணாவுக்கும் பயம் பிடிச்சிட்டுது. ஆனா வெட்டி எறிய மனமில்லை. திரும்ப மேலாலை விடுவம், வைக்கோல் ரக்ரர் தட்டாத அளவு உயரத்துக்கு ரெண்டு பக்கமும் மரம் நட்டு விடுவம் எண்டு சொன்னார். அதுக்கு நீட்டு ஒயர் வேணும். கிளிநொச்சிக்குப் போய் வந்தார், வெறுங்கையோடை. ஒயர் எண்டு கேட்டாலே கடைக்காரன் பின்னாலை ஆர் நிக்கினமெண்டு பாக்கிறானாம். ஸ்கந்தபுரத்திலை ஒருத்தரிட்டைப் பழைய ஒயர் கிடக்குதாம், பொங்கலுக்குப் பிறகு தாறன் எண்டவராம்.

"அது வரைக்கும் கழட்டி வைச்சா என்ன?" நான் கேட்டன்.

"கழட்டினா அம்மா திரும்பப் போடவிட மாட்டா. உனக்குத் தெரியாதே."

தெரியும். நான் பேந்து கேக்கேல்லை.

பொங்கலுக்குக் கிட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களிலை இந்தியாவிலை படம் போடுவினம். மழை விட்டு வெளிச்சுக் கிடந்ததாலை அண்டைக்குப் படம் கண்ணாடிமாதிரி இருந்தது. அம்மாவும் நானும் உள்ளுக்கை இருந்து பாத்தனாங்கள். சின்னண்ணா விறாந்தையிலை. றோட்டாலை ஒராள் சைக்கிளை வேகமாய் உழக்கிக்கொண்டு போகேக்கை, "ஆமி சந்தியிலை இறங்கி நடக்கத் தொடங்கிட்டாங்கள்" எண்டு சொல்லிக்கொண்டு போச்சுது.

சின்னண்ணா எழும்பினார். அலவாங்கை எடுத்தார்.

"எங்கை போறாய்?" அம்மா கேட்டா.

"நீங்கள் சொன்ன வேலைக்குத்தான். ரெண்டு இழுவையிலை வந்திடும். படத்தைப் பாருங்கோ."

சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவர். அம்மாவும் அப்பாடா எண்டு திரும்பிப் படத்தைப் பாத்தா. சந்தி தூரம். அவங்கள் நடந்து வர நேரம் கிடக்குது. எங்கடை ஒழுங்கையிலை எல்லாரும் அப்பிடித்தான் கணக்குப் பாத்திருப்பினம்.

ஆனா ரெண்டு இழுவையிலை வரேல்லை. மழை விட்டு வெயில் எறிச்சதிலை கிறவல் திரும்ப இறுகிப்போய்க் குழாயைப் பிடிச்சிருக்குது. அவர் றோட்டு நடுவிலை குந்தியிருந்து அலவாங்காலை கிண்டியிருக்கிறார். ஒயர் கையிலை. பெட்டி திறந்தபடி, சிவப்பு லைற் எரிஞ்சபடி. அவங்களிலை ஒரு பகுதி சந்தியாலை வரேல்லை, வாய்க்கால் கட்டாலை வந்தது. வாய்க்கால் கட்டு எங்கடை வீட்டுக்குக் கிட்ட.

துவக்குச் சூட்டுச் சத்தம் கேக்கேக்கை ரீவியிலை சண்டை நடந்துகொண்டிருந்தது. படத்திலை எண்டுதான் நான் நினைச்சனான். எங்கடை ரீவியிலை படம் அறுபடேல்லை, அது பாட்டுக்கு ஓடிச்சுது. அறுந்தது முன்வீட்டிலை. முன்வீட்டு அம்மா "தம்பி, படம் போயிருச்சுங்க" எண்டு சொல்லிக்கொண்டு தன்ரை படலைக்கு வந்தா. அந்தக் குரல் கேட்டுத்தான் நான் வெளியிலை ஓடினனான். சின்னண்ணா றோட்டிலை விழுந்து கிடந்தார்.

அவங்கள் துவக்கை நீட்டிக்கொண்டு வாய்க்கால் கட்டாலை இறங்கி வந்துகொண்டிருந்தாங்கள். நானும் அம்மாவும் படலையடியிலை அப்பிடியே நிண்டிட்டம். முன்வீட்டு அம்மா நிக்கேல்லை. ரெண்டு கையையும் மேலை தூக்கிக்கொண்டு றோட்டுக்கு இறங்கி நடந்துபோய், நிலத்திலை இருந்து, சின்னண்ணாவின்ரை தலையைத் தூக்கித் தன்ரை மடியிலை வைச்சா. "டீவி வயருங்க ஐயா, இது டீவி வயருங்க" எண்டு திரும்பத் திரும்பச் சொன்னா. அவங்களுக்கு விளங்கிச்சுதோ தெரியாது. ஒருத்தன் ஒயரைக் கையாலை பிடிச்சுப் பிடிச்சுக்கொண்டு அவவின்ரை வீட்டுக்குள்ளை போனான். உள்ளுக்கை அந்தப் பழைய ரீவி புள்ளி அடிச்சு இரைஞ்சுகொண்டு கிடந்தது, றோட்டு வரைக்கும் கேட்டுது. கொஞ்ச நேரத்தாலை வெளியிலை வந்தான். மற்றவங்களுக்கு என்னவோ சொன்னான். எங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லை. பிறகு போயிட்டாங்கள்.

சின்னண்ணா அப்பவே போயிட்டார். முன்வீட்டு அம்மாவின்ரை மடியிலைதான் போனவர். ஏதாவது சொன்னவரோ எண்டு நான் பேந்து கேட்டனான். "தண்ணி கேட்டாரும்மா, நான் எந்திரிக்கலை, எந்திரிச்சா தலை தரையில பட்டுடும்" எண்டு சொன்னா.

ரக்ரர் மாமாவும் அயலட்டை ஆக்களும் தூக்கிக்கொண்டு வந்து உள்ளுக்கை கிடத்திச்சினம். ரீவியை ஆரோ நிப்பாட்டிச்சினம். முன்வீட்டு அம்மா பின்னாலையே வந்தவா, முத்தத்திலை நிண்டிட்டா. சீலை எல்லாம் ரத்தம். வழமையாய்ச் சாக்கு விரிக்கிற இடத்திலை அப்பிடியே நிலத்திலை இருந்தா. அம்மா அழுதுகொண்டிருந்தவா, நிமிர்ந்து பாத்தா. எழும்பி வெளியிலை போய் அவவின்ரை கையைப் பிடிச்சா.

"உள்ளுக்கை வாங்கோ. அவன்ரை தலைமாட்டிலை வந்து இருங்கோ."

வாங்கோ எண்டு அம்மா அவவைச் சொன்னதை நான் அண்டைக்குத்தான் கேட்டது.

அந்தச் செத்தவீடு நடந்த நாளெல்லாம்ப் படலையடிப் பெட்டியிலை சிவப்பு லைற் எரிஞ்சுகொண்டே கிடந்தது. ஒருத்தருக்கும் அதை நிப்பாட்டக் கை வரேல்லை. பற்றறி இறங்கி இறங்கி, மங்கி, தானாய் நிண்டுது. மில் அண்ணா வந்து மிச்ச ஒயரை றோட்டிலையிருந்து கிண்டி எடுத்துச் சுத்தி எங்கடை விறாந்தையிலை வைச்சிட்டுப் போனார். அது இன்னும் அதிலை கிடக்குது. ஸ்கந்தபுரத்து மனுசனும் பொங்கலுக்குப் பிறகு அந்தப் பழைய ஒயரைக் கொண்டந்து தந்தார், அவருக்கு ஒண்டும் தெரியாது. அம்மா வாங்கி வைச்சிட்டு, அவருக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தா.

நாங்கள் இப்ப ரீவி போடுறேல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரத்திலை முன்வீட்டு அம்மா வருவா. அம்மாவும் அவவும் விறாந்தையிலை இருப்பினம். ஹெலி வந்து அன்ரனாவைச் சுத்தும். ரெண்டுபேரும் அண்ணாந்து பாப்பினம். ரக்ரர் மாமா அன்ரனாவைக் கழட்டச் சொல்லிச் சொல்லிக் களைச்சுப்போனார். எனக்கும் பயமாய்த்தான் கிடக்கு, சின்னண்ணா. உன்ரை சாமான் ஒவ்வொண்டும் பாக்கிறவனுக்கு வேறை ஒண்டாய்த் தெரியுது. நேற்று நானே ஏறிக் கழட்டுவமோ எண்டு பனைக்குக் கீழை போய் நிண்டனான். மேலை என்ரை சவுக்காரப் பெட்டி தெரிஞ்சுது. திரும்பி வந்திட்டன்.

வாற மாதம் உன்ரை ஆண்டுத்திவசம். இதைப் பாக்கிற எல்லாரும் ஒரு உதவி செய்யுங்கோ. எந்தக் கோயிலுக்குப் போறனீங்களோ, எந்தச் சாமியைக் கும்பிடுறனீங்களோ, எங்கடை சின்னண்ணாவையும் ஒருக்கா நினைச்சுக் கும்பிடுங்கோ. தண்ணி கேட்டுக் குடிக்காமல் போனவர். கும்பிட்டு முடிய அவரின்ரை பேரிலை ஒரு செம்புத் தண்ணி ஊத்திவிடுங்கோ.